வரிசையில் ஆறாவது பெயர்

காவல் நாள் 1. நேரம் 10:25
பதிவு செய்பவர்: பௌலின்

வாகை நிலையம், காலிஸ்டோ. வெளியே மைனஸ் 139 பாகை. உள்ளே 21. காற்று, மின்சாரம், தண்ணீர் எல்லாம் சரி.

இன்றுமுதல் என் காவல். எழுபது நாள் நான் விழித்திருப்பேன், மற்ற நான்கு பேரும் உறைபடுக்கையில் கிடப்பார்கள். எங்களைக் கூட்டிப் போகும் கப்பல் வரப் பதினொரு மாதம் ஆகும். அதுவரை ஆள் மாற்றி ஆள் காவல்.

இதைப் பின்னால் யார் படிப்பார்கள் என்று தெரியாது. முதல் பதிவில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது விதி. பௌலின் ரொட்ரிகோ, தூத்துக்குடி, வயது நாற்பத்தாறு. பனியாய்வாளர். பனியைத் துளைத்து எடுத்து, அது எத்தனை கோடி வருஷம் பழையது என்று சொல்வேன். கணினிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

எனக்கு முன்னால் காவலில் இருந்தவர் பொறியாளர் தங்கதுரை. படுக்கப் போகும் முன் என் பெயரைத் தானே தட்டி என்னைக் காவலில் சேர்த்துவிட்டுப் போனார். கூடவே கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார். நிலையத்தை நடத்தும் ஸ்கிரிப்டை, அதாவது கணினி நிரலை, அவர்தான் எழுதினார். என்னைப் போன்ற மக்குகளுக்காக அதை அந்தத் தாளில் விளக்கியிருக்கிறாராம். அப்படியே படியெடுக்கிறேன்:

"அர்ரே என்றால் வரிசை. பஸ்ஸுக்கு நிற்பதுபோல் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அகரவரிசையில் நிற்கும். ஹாஷ் என்றால் லாட்ஜில் சாவி மாட்டும் பலகை. பெயரைச் சொன்னால் அந்தப் பெயருக்குரிய கொக்கியில் இருப்பதைத் தரும்: நாடி, காற்றுப் பங்கு, படுக்கை. தினமும் காலை பத்து மணிக்குச் சுற்று. முதலில் எல்லாக் கொக்கியிலும் நாடி 'இல்லை' என்று ஆக்கப்படும். பிறகு ஸ்கிரிப்ட் வரிசையில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் போகும், நாடியைப் பார்த்துக் கொக்கியில் மாட்டும். கடைசியாகப் பலகை முழுவதையும் ஒருமுறை பார்க்கும். மூன்று நாள் தொடர்ந்து 'இல்லை' என்றால் அந்த ஆள் இல்லை.

"எச்சரிக்கை: சுற்று நடக்கும்போது வரிசையிலிருந்து ஆளைத் தூக்கினால், பின்னால் நிற்பவர் ஓரடி முன்னால் வந்துவிடுவார். விரலோ அதற்குள் அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். முன்னால் வந்தவர் விடுபடுவார். நேரம் கிடைக்கும்போது சரிசெய்ய வேண்டும். த.து."

எழுபது நாள் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த மனிதருக்கு நேரம் கிடைக்கவில்லையாம். கப்பலில் ஊருக்குப் போகும்போது பேசிக்கொள்கிறேன்.

இன்றைய சுற்று:

அருணோதயன், தலைவர். உறக்கம். நாடி 6.
சுபைதா, மருத்துவர். உறக்கம். நாடி 7.
தங்கதுரை, பொறியாளர். உறக்கம். நாடி 9.
பௌலின், பனியாய்வாளர். விழிப்பு. காவல்.
யமுனை, விமானி. உறக்கம். நாடி 6.
மொத்தம் 5. அனைவரும் நலம்.

காவல் நாள் 4. நேரம் 11:10
பதிவு செய்பவர்: பௌலின்

சுற்று சரி. மொத்தம் 5. அனைவரும் நலம்.

பூமியிலிருந்து இசக்கிமுத்து பேசினான். தரைக் கட்டுப்பாட்டில் எங்களுக்காக உட்கார்ந்திருப்பவன் அவன்தான். அவன் குரல் இங்கே வர நாற்பத்துமூன்று நிமிடம், என் பதில் போய்ச் சேர இன்னொரு நாற்பத்துமூன்று.

"பௌலினக்கா, இசக்கி பேசுதேன். அங்க எல்லாம் சொகமா? ஒங்க ஃபிலோமினாக்கா நேத்து இங்க வந்தாவ. சாளைக் கருவாடு ஒரு பொட்டலம் தந்து, இத மேல அனுப்பிருப்பான்னுட்டாவ. நான் என்னத்தச் சொல்ல? வாங்கி வச்சிருக்கேன். ஆபீஸே நாறுது."

அரை மணி நேரம் சிரித்தேன். தனியாகச் சிரித்தால் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது.

காவல் நாள் 9. நேரம் 08:55
பதிவு செய்பவர்: பெளலின்

இரண்டாம் மின்கலம் மாற்றினேன். அதற்காக நிலையக் கணினியை நிறுத்தித் திரும்ப எழுப்ப வேண்டியிருந்தது. தங்கதுரையின் தாளில் இதற்கும் ஒரு வரி இருக்கிறது: "எழுந்ததும் கணினி எல்லோரும் உறங்குவதாக நினைக்கும். விழித்திருப்பவர் தன் பெயரைத் தட்ட வேண்டும்." தட்டினேன்.

கணினி என்னைப் பெயர் சொல்லி வரவேற்றது. ஆனால் என் பெயரை அல்ல. "வணக்கம், பெ-ள-லின். வாகைக்கு நல்வரவு" என்றது. பவ்வியமாகக் கூப்பிடவும் அதற்குத் தெரியவில்லை, ஒழுங்காகவும் கூப்பிடத் தெரியவில்லை. குரல் கருவிக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது. மற்றபடி எல்லாம் சரி.

காவல் நாள் 9. நேரம் 10:06
பதிவு செய்பவர்: பெளலின்

இன்றைய சுற்றை அப்படியே ஒட்டுகிறேன்.

அருணோதயன். உறக்கம். நாடி 6.
சுபைதா. உறக்கம். நாடி 7.
தங்கதுரை. உறக்கம். நாடி 8.
பெளலின். விழிப்பு. வந்தவர்.
பௌலின். உறக்கம். படுக்கை 4. நாடி இல்லை. முதல் நாள்.
யமுனை. உறக்கம். நாடி 6.
மொத்தம் 6.

அனைவரும் நலம் என்ற வரி வரவில்லை.

மூன்று முறை படித்தேன். என் பெயர் இரண்டு முறை இருக்கிறது. ஒருத்தி விழித்திருக்கிறாள், ஒருத்தி நாடி இல்லாமல் படுத்திருக்கிறாள்.

கணினியின் குரல் இதைச் சத்தமாகவும் படித்தது. நான்காவது பெயரை "பெ-ள-லின்" என்றும் ஐந்தாவதை "பௌலின்" என்றும் சொன்னது. என் பெயரைத் திருத்தமாகச் சொன்னது, நாடி இல்லாதவளுக்கு மட்டும்தான்.

காவல் நாள் 9. நேரம் 11:40
பதிவு செய்பவர்: பெளலின்

நிலையம் முழுக்கத் தேடினேன். மூன்று அறை, ஒரு தாழ்வாரம், ஒரு கிடங்கு, உறைகூடம். ஆள் ஒளிய இடமே இல்லை. இருந்தாலும் கிடங்கில் ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் பார்த்தேன். கையில் பனி வெட்டும் உளி வைத்திருந்தேன். அதை எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை.

வெளிக்கதவு திறக்கப்படவில்லை. கதவுப் பூட்டில் பதிந்திருக்கும் தேதியைப் பார்த்தேன்: கடைசியாகத் திறந்தது நான்கு மாதத்துக்கு முன்.

கடைசியாக உறைகூடம். படுக்கை 4 என்னுடையது. அதன் மூடி மூடியிருந்தது, கண்ணாடி உட்புறம் பனித்திருந்தது. நாடி இல்லாத ஆளை எழுப்பப் படுக்கை சூடேற்றும், அந்த ஆவி. நான் அதன் முன்னால் பத்து நிமிடம் நின்றேன். மூடியைத் திறக்கக் கை வரவில்லை. உள்ளே என் முகம் இருக்கும் என்று நம்பினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நம்பினேன்.

திறந்தேன். காலி. மெத்தையில் என் முதுகுப் பள்ளம் மட்டும் இருந்தது.

காவல் நாள் 9. நேரம் 13:15
பதிவு செய்பவர்: பெளலின்

இசக்கியின் செய்தி:

"பௌலினக்கா, இங்க வந்த அறிக்கையில ஒங்களுக்கு நாடி இல்லன்னு போட்டிருக்கு. யாரோ வந்தவர்னும் ஒரு பேரு இருக்கு. அங்க யாருக்கா வருவா? வெளையாடாதீங்க. ஒடனே பதில் போடுங்க."

உடனே பதில் போட்டேன். நான் உயிரோடு இருக்கிறேன், கணினிக்குத்தான் கிறுக்கு என்றேன். திரையில் வந்தது இது: "வந்தவர் செய்தி. தலைவர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது."

தலைவர் படுக்கை 1-ல் நிமிடத்துக்கு ஆறு நாடியோடு ஒப்புதல் கொடுக்காமல் கிடக்கிறார்.

நாலு முறை அனுப்பினேன். நாலும் அதே வரிசையில் போய் நின்றன. எனக்கு மேலே பூமி இருக்கிறது, அது என்னைக் கூப்பிடுகிறது, என் வாய் மட்டும் கட்டப்பட்டிருக்கிறது.

காவல் நாள் 10. நேரம் 08:20
பதிவு செய்பவர்: பெளலின்

எழுந்ததிலிருந்து தலைவலி. கட்டுப்பாட்டு அறையில் கரியமிலவாயு வழக்கத்தைவிட ஐந்து மடங்கு. காற்றுத் துவாரத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அடைப்பு இல்லை. மூடியிருக்கிறது. பலகையில் என் காற்றுப் பங்கைத் தேடினேன். என் பெயரைத் தட்டிக் கேட்டால் கணினி சொல்கிறது: "வந்தவர். பங்கு 0. வந்தவர்கள் தங்கள் காற்றைத் தாங்களே கொண்டுவருவார்கள்."

மீட்புக் குழு வந்தால் உள்ளே விட வேண்டுமே என்று, தெரியாத பெயரையும் ஏற்கும்படி தங்கதுரை எழுதியிருக்கிறார். மீட்க வருகிறவர்கள் சிலிண்டரோடு வருவார்கள். ஆகவே நான் இந்த நிலையத்தில் விருந்தாளி. மூச்சுவிட அனுமதி இல்லாத விருந்தாளி.

வெளியுடையில் சிலிண்டர் மூன்று. ஒவ்வொன்றும் எட்டு மணி நேரம். முதலாவதை மாட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

காவல் நாள் 10. நேரம் 10:03
பதிவு செய்பவர்: பெளலின்

சுற்று. மொத்தம் 6. பௌலின், நாடி இல்லை, இரண்டாம் நாள்.

நாளைக் காலைச் சுற்றோடு நான் இல்லை.

காவல் நாள் 10. நேரம் 12:50
பதிவு செய்பவர்: பெளலின்

கண்டுபிடித்துவிட்டேன்.

வந்தவருக்கு எதையும் மாற்ற அனுமதி இல்லை. ஆனால் பார்க்கலாம். தங்கதுரையின் தாளைப் பார்த்து நானே ஒரு குட்டி லூப் எழுதினேன். என் வாழ்க்கையில் முதல் லூப். வரிசையில் ஒவ்வொரு பெயராக எடு, அந்தப் பெயரில் ஒவ்வொரு குறியாக எடு, தனித்தனி வரியில் சொல். மூன்று தடவை தப்பாகி நாலாவது தடவை ஓடியது.

ஐந்தாவது பெயர்: ப, ஔகாரக் குறி, ல, அப்புறம் மீதி.

நான்காவது பெயர்: ப, ஒற்றைக்கொம்பு, ள, ல, அப்புறம் மீதி.

திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மனிதக் கண் இரண்டையும் பௌலின் என்றே படிக்கும். கணினிக்குக் கண் இல்லை. அதற்கு ஒருத்தி பௌலின், இன்னொருத்தி பெ-ள-லின். அதனால்தான் அது அப்படிக் கூப்பிட்டது. அது சரியாகத்தான் படித்தது. நான்தான் தப்பாகத் தட்டினேன்.

தட்டச்சு வகுப்பில் எங்கள் இயந்திரத்தில் ஔகாரத்துக்குத் தனி விசை கிடையாது. கொம்பைப் போட்டு, எழுத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு ள வைப்போம். கை அப்படியே பழகிவிட்டது. பாஸ்போர்ட் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் என் பெயரை நான் பிழையாகவே தட்டியிருக்கிறேன். முப்பது வருஷமாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எழுபத்தேழு கோடி கிலோமீட்டர் தாண்டி வந்து மாட்டிக்கொண்டேன்.

ஒரு ள. ஒரு ள-வுக்காக மூச்சை நிறுத்துகிறார்கள்.

காவல் நாள் 10. நேரம் 13:20
பதிவு செய்பவர்: பெளலின்

ஔகார விசையைத் தேடிப்பிடித்து, என் பெயரைத் திருத்தமாகத் தட்டினேன். பதில்:

"பௌலின் படுக்கை 4-ல் இருக்கிறார். நாடி இல்லை. இரண்டாம் நாள். அவர் பெயரில் வேறொருவர் நுழைய முடியாது."

திரையைக் குத்தினேன். கை வலிக்கிறது. திரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மற்றவர்களை எழுப்ப முடியாது. எழுப்பும் ஆணைக்கு நிலையத்தார் பெயர் வேண்டும். கணினியை நிறுத்தி மறுபடி ஓட்டவும் அதே பெயர் வேண்டும். மூடியைக் கையால் நெம்பித் திறக்கலாம், ஆனால் உறைநிலையில் இருப்பவரை அப்படித் திறந்தால் அவர் இதயம் நின்றுவிடும். சுபைதா பயிற்சியில் ஆறு தடவை சொன்னாள். உளியோடு தங்கதுரையின் படுக்கை முன்னால் நின்றேன். அவர் தூங்கும்போது வாயைத் திறந்து வைத்திருக்கிறார். திரும்பி வந்துவிட்டேன்.

காவல் நாள் 10. நேரம் 16:35
பதிவு செய்பவர்: பெளலின்

இரண்டாவது சிலிண்டர். இசக்கியிடமிருந்து செய்தி. அவன் குரல் கரகரத்திருந்தது.

"வாகை நிலையத்துக்கு. பௌலினக்கா ரெண்டாவது நாளா... அக்கா கேக்குமோ கேக்காதோ தெரியல. அவங்க வீட்டு ஆளுக இங்க வந்திருக்காவ. பேசணும்னாவ. பேச விடுதேன்."

பிறகு என் அக்கா.

"ஏட்டி பௌலி. அக்கா பேசுதேன். இவாள்லாம் என்னமோ சொல்லுதாவ. நான் நம்பல. சின்னப்பிள்ளையில கடல்ல முங்கிக்கிட்டு, மூச்சடக்கி, எங்க எல்லாரையும் பயங்காட்டுவியே. நான் கரையில நின்னு கத்துவேன். கடைசில சிரிச்சுக்கிட்டு எந்திரிப்ப. அப்பிடித்தாம்ட்டி இதுவும். எந்திரிச்சிரு. நான் கத்துதேன் பாரு, கேக்குதா? எந்திரிட்டி."

கேட்கிறது அக்கா. எல்லாம் கேட்கிறது. ஒலிபெருக்கி முன்னால் மண்டி போட்டு நானும் கத்தினேன். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது செய்தி. "தலைவர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது."

அழுதால் காற்று அதிகம் செலவாகும். அழுதேன்.

காவல் நாள் 11. நேரம் 07:40
பதிவு செய்பவர்: பெளலின்

மூன்றாவது சிலிண்டரில் இருக்கிறேன். சுவாசத்தைக் குறைக்க அசையாமல் படுத்துக்கிடந்தேன், அதனால் இன்னும் இரண்டு மணி நேரம் தாங்கும். படுத்துக்கிடந்தபோதுதான் வழி தெரிந்தது. இவ்வளவு எளிதான வழி நேற்றே தெரியாமல் போயிற்றே என்று எரிச்சலாக இருக்கிறது.

பௌலின் படுக்கை 4-ல் இருப்பதாகக் கணினி நம்புகிறது. நாடி மட்டும் இல்லை என்கிறது. சரி, நான் போய்ப் படுக்கை 4-ல் படுத்துக்கொள்கிறேன். மணிக்கட்டுப் பட்டையைக் கட்டினால் நாடி வந்துவிடும். பத்து மணிச் சுற்றில் விரல் என் பெயருக்கு வரும், நாடியைப் பார்க்கும், கொக்கியில் மாட்டும். நான் உயிர்த்துவிடுவேன். காற்றுப் பங்கும் திரும்ப வரும்.

இன்னொன்றும் செய்ய வேண்டும். பெ-ள-லின் வரிசையில் நிற்கும்வரை, நிலையத்தில் ஒருவர் விழித்திருப்பதாகக் கணினி நினைக்கும். யாரும் விழித்திருக்காவிட்டால்தான் அது தானாகப் பொறியாளரை எழுப்பும். ஆறு மணி நேரத்தில் தங்கதுரை எழுவார். ஆகவே பெ-ள-லின் விடைபெற வேண்டும்.

பயம் போகவில்லை, ஆனால் அதற்கு இப்போது ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

காவல் நாள் 11. நேரம் 09:05
பதிவு செய்பவர்: பெளலின்

விடைபெறும் ஆணையைத் தட்டினேன். "நன்றி, பெ-ள-லின். அடுத்த சுற்றில் உங்கள் பெயர் வரிசையிலிருந்து நீக்கப்படும். மீண்டும் வருக."

போய்த் தொலை. உன்னால் பட்டது போதும்.

தங்கதுரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதத் தாள் இல்லை, சுவரில் ஒட்டியிருந்த அவருடைய தாளையே பிய்த்து அதன் பின்புறம் எழுதினேன். நடந்ததெல்லாம் அதில் இருக்கிறது. கணினியை நம்பாமல் கையிலேயே எடுத்துப் போகிறேன். படுக்கையின் கண்ணாடி வழியாகப் பார்க்கிற யாருக்கும் அது முதலில் தெரிய வேண்டும்.

இனிமேல் படுக்கையின் ஒலிவாங்கியில் பேசுவேன். அது எழுத்தாக்கிக்கொள்ளும்.

காவல் நாள் 11. நேரம் 09:31
பதிவு: படுக்கை 4, ஒலிவழி

படுத்துவிட்டேன். பட்டை கட்டியாயிற்று. மூடி மூடிக்கொண்டது. உள்ளே சின்ன விளக்கு ஒன்று எரிகிறது. என் தலைக்கு மேலே எண் தெரிகிறது: நாடி 104. இவ்வளவு அழகான எண்ணை நான் பார்த்ததே இல்லை.

காற்று வருகிறது. படுக்கைக்குத் தனிக் காற்று. சுற்று முடியும்வரை வரும், அதற்குப் பிறகு பலகையில் பெயர் இருந்தால்தான் வரும். மருந்து ஏறத் தொடங்கிவிட்டது. மூடியை இனி உள்ளிருந்து திறக்க முடியாது. பாதி மயக்கத்தில் எழுந்து யாரும் விழுந்துவிடக் கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

அக்கா, எந்திரிச்சுட்டேன். கத்துனது கேட்டுச்சு. இசக்கியிடமிருந்து கருவாட்டைத் திருப்பி வாங்கி வை.

காவல் நாள் 11. நேரம் 09:48
பதிவு: படுக்கை 4, ஒலிவழி

நாடி 88. உடம்பு லேசாகிறது. கடிதத்தை நெஞ்சில் வைத்திருக்கிறேன், எழுத்துப் பக்கம் கண்ணாடியைப் பார்த்தபடி. அதனால் தங்கதுரையின் பழைய எழுத்து என் பக்கம் இருக்கிறது. தாளைத் தூக்கிப் பிடித்தால் படிக்கலாம். மணி மணியான கையெழுத்து. அர்ரே என்றால் வரிசை. பஸ்ஸுக்கு நிற்பதுபோல். ஹாஷ் என்றால் லாட்ஜில்

எச்சரிக்கை.

ஆளைத் தூக்கினால் பின்னால் நிற்பவர்

இல்லை. இரு. இரு.

விரல் விட்டு எண்ணுகிறேன். அருணோதயன் ஒன்று. சுபைதா ரெண்டு. தங்கதுரை மூணு. பெ-ள-லின் நாலு. அவளுக்கு நேர் பின்னால் நான் அஞ்சு. அகரவரிசை. கொம்புக்கு அப்புறம்தான் ஔகாரம். யமுனை ஆறு.

விரல் நாலுக்கு வரும். அவள் விடைபெற்றவள். தூக்கிவிடும். நான் ஓரடி முன்னால் போய் நாலில் நிற்பேன். விரல் அஞ்சுக்குப் போகும். அஞ்சில் யமுனை நிற்பாள்.

என்னைப் பார்க்காது.

எல்லாக் கொக்கியிலும் முதலில் 'இல்லை' என்று ஆக்கும். என் கொக்கியை அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். மூன்றாம் நாள்.

நான்தான் அவளை அனுப்பினேன். அவள் இருந்திருந்தால் விரல் என்னிடம் வந்திருக்கும்.

காவல் நாள் 11. நேரம் 09:56
பதிவு: படுக்கை 4, ஒலிவழி

மூடி திறக்கவில்லை. முழங்காலால் இடித்தேன், நகம் பெயர்ந்துவிட்டது. கால் மரத்துப்போகிறது. உளி வெளியே மேசைமேல் இருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது.

நாடி 141. பாருங்கள். யாராவது பாருங்கள். எண் இங்கே இருக்கிறது. இவ்வளவு துடிக்கிறது.

தங்கதுரை, இதைப் படித்தால், உங்கள்மேல் கோபம் இல்லை. பொய். கோபம்தான். நேரம் கிடைக்கும்போது என்று எழுதியிருக்கிறீர்கள். எழுபது நாள். ஒரு வரி. சரிசெய்துவிடுங்கள். இன்றைக்கே. யமுனைக்கு முன்னால் இன்னொருத்தர் யாராவது

அக்கா நான் மூச்சடக்குவேன். எனக்கு நல்லா வரும். நீ எண்ணிக்கிட்டே இரு. ஒண்ணு. ரெண்டு. மூ

என் பெயர் பௌலின். ப. ஔகாரம். ல. சேர்த்துச் சொல்லு. பௌ. பௌலி

காவல் நாள் 11. நேரம் 10:00
பதிவு: தானியங்கி

அருணோதயன். உறக்கம். நாடி 6.
சுபைதா. உறக்கம். நாடி 7.
தங்கதுரை. உறக்கம். நாடி 8.
பெளலின். வந்தவர். விடைபெற்றார். நீக்கப்பட்டது.
யமுனை. உறக்கம். நாடி 6.

பலகைச் சோதனை: பௌலின், நாடி இல்லை, மூன்றாம் நாள். பெயர் நீக்கப்பட்டது. படுக்கை 4 முத்திரையிடப்பட்டது. காற்று நிறுத்தப்பட்டது. பூமிக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது.

விழித்திருப்பவர் 0. தங்கதுரையை எழுப்பும் பணி தொடங்கியது. மீதம் ஆறு மணி நேரம்.

வந்தவர் செய்திகள் 7. தலைவர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கின்றன.

மொத்தம் 4. அனைவரும் நலம்.

காவல் நாள் 11. நேரம் 10:02
பதிவு: தானியங்கி

காலிப் படுக்கை 4-ல் தட்டும் ஒலி. வரிசையில் பெயர் தேடப்பட்டது. பெயர் இல்லை. பதிவு செய்யப்படவில்லை.